பொட்டு வெச்ச கேமரா

அந்தப் பையச் சித்த நகத்திக்கறயா கண்ணு? இந்தப் பொட்டிய நான் மடியிலதான் வெச்சுக்கோணும். மேல ஏத்துனா ஆடும், ஆடுனா உள்ளார இருக்கற கண்ணாடி போயிரும். கண்டக்டரு லக்கேஜு போடோணும்னாரு. மடியில உக்காந்துட்டு வர்ற கொழந்தைக்கு லக்கேஜு போடுவீங்களாங்கன்னு கேட்டேன், சிரிச்சுப்போட்டுப் போயிட்டாரு. நீயும் தாராபுரந்தானா? நல்லதாப் போச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜன்னலச் சாத்தறதுக்குள்ள நான் அங்க போஸ்டாபீசுக்குப் போயாகோணும். சாத்துனா பார்சலு எடுக்க மாட்டாங்க. இன்னிக்கு சனிக்கெழம வேற. இன்னிக்கு விட்டா திங்கக்கெழமதான், அது வரைக்கும் என்னால தாங்க முடியாது.

என்னன்னு கேக்கறயா? அங்க ஒரு ஆளு மேல எனக்கு நெம்ப நாளாக் கோவம். நேருல பாத்து நாலு கேள்வி கேக்கோணும். அதுக்குத்தான் பொள்ளாச்சியில இருந்து இத்தனை தூரம் வர்றேன்.

சண்டைக்குப் போறவ இப்படியா சிரிச்சுட்டு உக்காந்திருப்பான்னு பாக்கறயாக்கும். எனக்கே தெரியல போ. காத்தால இருந்து இப்படித்தான் இருக்குது. இட்லி எறங்கல. சீலைய மாத்தி மாத்திக் கட்டிப் பாத்து, கடைசியில மொதல்ல கட்டுனதையே கட்டிட்டு வந்தேன். பஸ்சுன்னாலே எனக்கு ஆகாது, அதாங் காரணம்.

என்ற பேரு வசந்தாமணி. எங்கண்ணன் திருமூர்த்தி பழைய கேமரா வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பறாரு. பிலிம் சுருள் போடறது இருக்கும் பாரு, அது. நம்மூருல சும்மா குடுத்தாலும் ஒருத்தரும் தொட மாட்டாங்க. ஸ்டுடியோ வெச்சிருந்தவங்க பரண் மேல போட்டு வெச்சிருப்பாங்க, அண்ணன் போயி கேட்டு எடுத்துட்டு வந்துருவாரு. அங்க வெளிநாட்டுல அதுக்கு நானு நீயின்னு நிக்கறாங்க. கம்ப்யூட்டருல பேசறது அண்ணன். தொடைச்சு, காய வெச்சு, கட்டி, போஸ்டாபீசு கொண்டு போறது நான். ஈரம் பட்டாக் கண்ணாடிக்குள்ள பூஞ்சை புடிச்சிரும், அதனால வெயிலு பாத்துத்தான் கட்டுவேன். பழைய வேட்டித் துணி, அப்பறம் பொட்டி, பொட்டிக்கு மேல காடாத்துணி போட்டுத் தெச்சு, அதுக்கு மேல சணலு. எங்கப்பன் வெல்ல மண்டியில மூட்டை கட்டுனவரு. நான் முடிச்சுப் போட்டா இங்கிருந்து அமெரிக்கா வரைக்கும் உருட்டி விட்டாலும் அவுறாது.

அந்த முடிச்சுலதான் வந்துது வெனை. இரு, மொதல்ல பொட்டுக் கதையச் சொல்லிப்போடறேன், அப்பத்தான் உனக்குப் புரியும்.

போன ஆயுத பூசைக்கு எங்க நங்கையாளுக்கு இடுப்புப் புடிச்சுக்கிச்சு. நங்கையான்னா அண்ணன் பொண்டாட்டி. குனிய முடியல, நிமிர முடியல. சாமி காரியம்னா அவ என்னை முன்னால விட மாட்டா. எனக்கு வூட்டுக்காரரு தவறிப் போயி வருசம் பல ஆயிப்போச்சு பாரு, அதனால. கெட்டவன்னு சொல்ல மாட்டேன், சாங்கியம் பாக்கறவ, அவ்வளவுதான். அன்னிக்கு வேற ஆளு இல்ல. கேமராவுக்குத்தானே, நீயே வெச்சுருன்னு கட்டிலுல இருந்துட்டே சொல்லிப்போட்டா. அலமாரியில வரிசையா உக்காந்திருந்துதுக. கேமராவுல கண்ணாடிக்கு மேல, நம்ம நெத்தியாட்ட ஒரு எடம் இருக்கும். அங்க சந்தனத்தத் தொட்டு, மேல குங்குமத்த வெச்சேன். எனக்கு அத்தனை சந்தோசம் அன்னிக்கு. எத்தனை நாளாச்சு குங்குமத்துல வெரல வெச்சு. ஒண்ணொண்ணா வெச்சுட்டே போறேன், எல்லாம் என்னையே பாக்கறாப்பல இருக்குது. ஒண்ணு மட்டும் பின்லாந்துக்குப் போக வேண்டியது. தொடைக்க மறந்து அப்படியே கட்டி அனுப்பிப்போட்டேன்.

அதென்ன ஊருன்னு கேக்காத. முச்சூடும் பனியாம். அங்க ஒரு பெரியவரு, அவருதான் வாங்குனது. பிரிச்சுப் பாத்துட்டு, முன்னால சிவப்பா மஞ்சளா என்னமோ இருக்குதே, அது என்னன்னு அண்ணனக் கேட்டுட்டாரு. அண்ணன் வேத்து விறுவிறுத்துப் போயிட்டாரு. திருப்பி அனுப்பிருவான், பேரு கெட்டுரும், உன்னால வந்துதுன்னு என்னையப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிப்போட்டாரு. அப்பறம் வேற வழியில்லாம உள்ளத எழுதுனாரு. எங்கூருல வருசத்துல ஒரு நாளு வேலை செய்யற சாமானுக்கெல்லாம் பொட்டு வெச்சுக் கும்பிடுவம், இதுக்கு எங்க தங்கச்சி வெச்சான்னு. அதுக்கு அந்தப் பெரியவரு என்ன பதிலு போட்டாரு தெரியுமா? இத்தனை வருசமா என்ற சாமானுக்கு நான் ஒரு நன்றி சொன்னதில்ல, உங்க தங்கச்சிகிட்டச் சொல்லுங்க, இத நான் தொடைக்க மாட்டேன்னு. அதோட விடாமப் படம் புடிச்சு எல்லாருக்கும் காட்டிப்போட்டாரு.

அப்பறம் பாக்கோணும் கூத்த. வாங்கறவன் பூராவும் பொட்டு இருக்குதான்னு கேக்கறான். ஜெர்மனிக்காரன் ஒருத்தன் நட்ட நடுவுல இருக்கோணும்னு சொல்லி அனுப்பறான். கனடாவுல ஒரு அம்மா அழிஞ்சா மறுபடி வெக்கலாமான்னு கேட்டா. வெள்ளிக்கெழமையாப் பாத்து வெக்கச் சொல்லுண்ணான்னு நான் சொல்லி விட்டேன், அந்தம்மா இப்ப வெள்ளிக்கெழமை ஆனா வெக்கறாளாம். நங்கையாளுக்கு இடுப்பு நல்லாயிருச்சு. ஆனா அண்ணன் பொட்டு வெக்கறத என்கிட்டயே விட்டுட்டாரு. ராசியான கைன்னுட்டாரு. என்ற கைய அப்படி ஒருத்தரும் சொன்னதில்ல கண்ணு. அன்னிக்கு வூட்டுக்குள்ள நான் நடக்கல, பறந்தேன்.

இப்பத்தான் அந்தாளு வர்றாரு. எங்க போஸ்டாபீசுல பார்சலு ஜன்னலுக்குப் புதுசா மாத்தி வந்தாரு. மேசை மேல பேருப் பலகை, முத்துக்குமாரசாமின்னு. ஆளு ஒல்லி, பேரு பலகைக்குள்ள அடங்கல, கடைசி எழுத்துக விளிம்புல நெருக்கிட்டு நிக்குதுக. நான் பாட்டுக்குப் பொட்டிய நீட்டுனேன்.

"உள்ள என்னங்க?"

"பழைய கேமராங்க."

"பேட்டரி?"

"எடுத்தாச்சுங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க. பொட்டு."

அவரு பேனாவ வெச்சுப்போட்டு நிமிந்து பாத்தாரு. பொட்டுன்னா என்ன பொட்டுன்னாரு. சந்தனமும் குங்குமமும்னேன். பொடியான்னாரு. கொஞ்சூண்டுன்னேன். பொடி எதுவும் ஏரோப்ளேன்ல போகாதுங்க, பிரிச்சுத்தான் பாக்கோணும்னாரு. பொய் சொல்லியிருந்தா வாங்கியிருப்பாரு, எனக்குத்தான் சொல்ல வர்றதில்ல. அவரு ஊசியில தையலப் பிரிச்சாரு. அப்பறம் சணலு. கண்ணு, கத்தரிக்கோலு மேசை மேலயே இருக்குது. கையெட்டுற தூரத்துல இருக்குது. எடுக்கலயே. ஒவ்வொரு முடிச்சா, நகத்துல நெம்பி நெம்பி, பதனமா அவுக்கறாரு. அவுத்த சணலக் கையில சுத்தி உருண்டையாக்கி என்கிட்டக் குடுத்தாரு. நல்ல முடிச்சுங்க, அறுக்க மனசு வரலைன்னாரு. எனக்குப் பின்னால வரிசையில நின்னவங்க போட்ட சத்தம் இருக்குதே. நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாம அந்தப் பேருப் பலகையவே படிச்சுட்டு நின்னேன்.

அன்னிக்கு ஆரம்பிச்சுது அந்தாளோட அநியாயம். ஒவ்வொரு தடவையும் பிரிப்பாரு. ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி முடிச்ச அவுப்பாரு. நானும் வீம்புக்கு இன்னும் எறுக்கமாப் போட்டுட்டுப் போவேன், ஒரு நாளாவது கத்தரிக்கோல எடுக்க வெக்கோணும்னு. எடுக்க மாட்டாரே. ரெண்டாந் தடவ போனப்ப மேசை டிராயரத் தொறந்து ஒரு அட்டைய எடுத்தாரு. ஸ்டிக்கர் பொட்டு அட்டை. இது பொடி இல்லீங்க, இத ஒட்டி அனுப்புங்க, சட்டத்துல ஒண்ணும் சொல்லலைன்னாரு. சர்க்காரு மேசையில பொட்டு அட்டை வெச்சிருக்கலாமா, நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு. யாருக்குங்க வாங்குனதுன்னு கேட்டேன். கேமராவுக்குத்தான்னாரு. கடையில போயி ஒரு ஆம்பளையாளு பொட்டு அட்டை கேட்டு வாங்கியிருக்கறாரு, அந்தக் கடைக்காரன் என்ன நெனச்சிருப்பான்னு எண்ணி எண்ணி நான் வூட்டுல சாமானம் வெளக்கறப்பச் சிரிக்கறேன், நங்கையா வந்து என்னன்னு எட்டிப் பாக்கறா.

அவருக்கு வூட்டுல பொம்பளையாளு இல்ல. நான் விசாரிக்கல. ஸ்டாம்பு குடுக்கற அம்மா அவங்களாச் சொன்னாங்க. சம்சாரம் காலமாயிட்டாங்களாம், பையன் ஓசூருல வேலையாம், மத்தியானத்துக்கு எலுமிச்சங்காச் சாதந்தான் கொண்டு வருவாராம், தெனமும் அதேதானாம். வேற என்ன சொன்னாங்கன்னா, ஏலக்கா டீ புடிக்குமாம். நானாக் கேட்டது அது ஒண்ணுதான்.

அப்பறம் குத்தம் நொட்டை சொல்றது வேற பாரு. அவரு அட்டையில இருந்து எடுத்து நான் அங்கயே ஒட்டற பொட்டு கோணலா இருக்குதும்பாரு. ஜெர்மனிக்காரனே சரின்னுட்டான், இவருக்கு மட்டும் கோணலு. மூக்குக் கண்ணாடியத் தூக்கி விட்டுட்டு, சுண்டு வெரலு நகத்துல மெதுவா எடுத்து, நேரா வெச்சு, கட்டை வெரல்ல ஒரு அமுக்கு அமுக்குவாரு. மூச்சு விடாம நின்னு பாப்பேன். பாத்துத்தான ஆகோணும், சாமானு நம்முளுது.

ஒரு நாளு அப்படி ஒட்டிட்டே சொல்றாரு, "கேமராவுக்கெல்லாம் பொட்டு வெக்கறீங்க."

சொல்லிப்போட்டு என்ற மூஞ்சியப் பாத்தாரு. நெத்திய. அப்பறம் குனிஞ்சு முத்திரையத் தேட ஆரம்பிச்சுட்டாரு. முத்திரை அவரு கையிலதான் இருக்குது.

அவ்வளவுதான். முடிக்கல. வெக்கறீங்க, அப்பறம்? அதுக்கு மேல என்ன? ஒரு சர்க்காரு உத்தியோகஸ்தரு பேச்ச ஆரம்பிச்சா முடிக்கோணுமா இல்லியா? பாதியில விட்டா நான் என்னன்னு எடுத்துக்கறது? நான் நெத்தியில ஒண்ணும் வெச்சதில்ல, வூட்டுக்காரரு போனதுல இருந்து. ஒருத்தரும் வெக்காதன்னு சொல்லல, வையின்னும் சொல்லல. அப்படியே போயிருச்சு. அவரு அந்தப் பேச்ச பாதியில விட்டதுல எனக்கு வந்த கோவம் இருக்குதே, ஒரு வாரம் தூக்கமில்ல. என்ற முக்கியமான கேள்வி அதான். அதைக் கேக்கத்தான் இப்பப் போறேன்.

நடுவுல நங்கையா ஒரு யோசனை சொன்னா. கூரியருக்காரன் வூட்டுக்கே வந்து எடுத்துக்கறான், இவ எதுக்கு வெயிலுல போஸ்டாபீசுக்கு நடக்கறான்னு. நல்ல எண்ணத்துலதான் சொன்னா. எனக்கு வந்துதே ஆங்காரம். கூரியருக்காரன் பொட்டியத் தூக்கி வீசுவான், கண்ணாடி ஒடஞ்சா பின்லாந்துக்காரருக்கு நீ பதிலு சொல்லுவியா, சர்க்காரு சர்க்காருதான், அங்க ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பாத்து எத்தனை பதனமா அனுப்பறாங்க தெரியுமா உனக்குன்னு கத்திப்போட்டேன். அண்ணன் என்னையவே பாத்தாரு. நீதானே அந்தாளு பிரிக்கறான் பிரிக்கறான்னு தெனமும் வெய்வியேன்னாரு. வெய்யறது வேற, கூரியரு வேறன்னேன்.

அப்படி இருக்கறப்ப அவர மாத்திப்போட்டாங்க. தாராபுரத்துக்கு. எனக்குத் தெரியாது, பொட்டியோட போறேன், நாளையில இருந்து இங்க இல்லீங்கன்னு அவரே சொன்னாரு. அன்னிக்கும் பிரிச்சாரு. முடிச்ச அவுக்க அன்னிக்கு நெம்ப நேரம் ஆச்சு. பின்னால வரிசை இல்ல, ஒருத்தரும் சத்தம் போடல. எல்லாம் முடிஞ்சு டிராயரத் தொறந்து அந்தப் பொட்டு அட்டைய ஒரு பழுப்புக் காயிதத்துல மடிச்சுக் குடுத்தாரு. "மீதி இருக்குதுங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்." அதுக்கு நான் ஏதாவது சொல்லியிருக்கோணும். சரிங்கன்னேன். வூட்டுக்கு வந்து வெங்காயம் அரிஞ்சேன். நங்கையா வந்து பாத்துட்டு, கல்யாண வூட்டுக்கா சமைக்கறோம், எதுக்கு இத்தனை வெங்காயம்னா. அரியோணும்னு இருந்துது, அரிஞ்சேன்.

இப்ப அந்த ஜன்னலுல ஒரு சின்னப் புள்ள உக்காந்திருக்குது. நான் பொட்டிய நீட்டுனேன். எடை போட்டுது, பில்லு குடுத்துது. அவ்வளவுதான் கண்ணு. உள்ள என்னன்னு ஒரு வார்த்த கேட்டதுக்கு, கேமரான்னேன், சரிக்கான்னுட்டுது. பிரிக்கலியாம்மான்னேன். எதுக்குக்கான்னு கேக்குது. நல்லாத்தான கட்டியிருக்கீங்கன்னு சிரிக்குது. அதுல ஒரு தப்பும் இல்ல, நல்ல புள்ள. ஆனா எனக்கு அங்கயே நின்னு அழுகோணும் போல இருந்துது. அத்தனை முடிச்சும் போட்டது யாருக்கு?

அட, குடிமங்கலம் வந்துருச்சா. இங்க டீக்கு நிறுத்துவானா? நிறுத்த மாட்டானா, நல்ல டிரைவரு. போப்பா, நீ பாட்டுக்குப் போ. இந்தக் கரண்டு எடுக்கற காத்தாடியெல்லாம் பாரேன், எத்தனை வேகமாச் சுத்துதுக. நானும் அப்படித்தான் இருக்கறேன் காத்தால இருந்து. சந்தோசமா இருக்குது கண்ணு. சொல்லிப்போடறேன், சந்தோசமா இருக்குது, பயமாவும் இருக்குது. வூட்டுல கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன். இந்தப் பொட்டிய எடுத்துட்டு எந்தக் கோயிலுக்குன்னு நல்ல வேளையா ஒருத்தரும் கேக்கல.

எந்த நாட்டுக்குப் போகுதுன்னா? என்ன நீயும் அவராட்டவே கேள்வி கேக்கறே. எந்த நாட்டுக்குன்னா... திருப்பிப் பாக்காத, அட்ரசு எழுதல. அங்க போயி எழுதிக்கலாம். என்ற கையெழுத்து ஆகாதுன்னு எப்பவும் அவருதான் எழுதுவாரு. இல்ல கண்ணு, இந்த வாரம் ஆர்டரு ஒண்ணும் வரல. ஆர்டரு வரலைன்னா பார்சலு கொண்டு போகக் கூடாதுன்னு சட்டமா? உள்ள இருக்கறது அண்ணன் ஆகாதுன்னு ஒதுக்கி வெச்ச கேமரா. படம் எடுக்காது, பாக்க நல்லா இருக்கும். யாருக்குன்னு கேட்டாருன்னா என்ன சொல்றதுன்னு வர்ற வழியெல்லாம் யோசிக்கறேன், ஒண்ணும் வர மாட்டீங்குது. ஆனா அதைக் கேக்கறதுக்கு முன்னால அவரு பிரிக்கோணும் பாரு. இன்னிக்கு முடிச்சு நல்லா சேத்திப் போட்டிருக்கறேன். எங்கப்பன் கூட இத்தனை போட்டிருக்க மாட்டாரு. அவரு அவுத்து முடிக்கறதுக்குள்ள எனக்கு ஏதாவது வந்துரும்.

ஏங் கண்ணு, போஸ்டாபீசுக்கு எந்த ஸ்டாப்பு கிட்டக்க? பஸ் ஸ்டாண்டுல எறங்கி நடந்துக்கலாமா. ஜன்னலச் சாத்தியிருக்க மாட்டாங்கல்ல? இல்ல, சாத்துனாலும் அவரு உள்ளதான் இருப்பாரு. எலுமிச்சங்காச் சாதம் தின்னுட்டு இருப்பாரு. தட்டுனாத் தொறப்பாரு. பையில பிளாஸ்குல ஏலக்கா டீ வெச்சிருக்கறேன், அது எனக்கு. பஸ்சுல தாகம் எடுத்தாக் குடிக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன், குடிக்கவே இல்ல பாரு.

வந்துருச்சு, எந்திரிக்கோணும். இந்தப் பொட்டிய ஒரு கை புடி. சித்த இரு, என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு. இந்த நெத்திப் பொட்டு. காத்தால வெச்சேன், அந்த மீதி அட்டையில இருந்து. கேமராவுக்கு இந்த வாரம் வேலை இல்ல, வீணாப் போகும்னு ஒண்ணு எடுத்து வெச்சேன். ஸ்டிக்கருதான், பொடி இல்ல, அவருக்கு அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. நேரா இருக்குதா? நெசமாச் சொல்லு. கொஞ்சம் கோணலா? எந்தப் பக்கம்? இரு இரு, கைய எடு கண்ணு, சரி பண்ணாத. அப்படியே இருக்கட்டும்.